அண்ணன் ஒட்டித் தந்த கவர்

லேத் பட்டறைக்காரருக்கு இரும்பில் நூலிழை பிசகினாலும் கண்ணில் பட்டுவிடும். கூடப்பிறந்தவர் விஷயத்தில்தான் மனுஷன் கண்ணை இறுக மூடிக்கொண்டுவிட்டார்.

அவர் மனைவிக்கு நுரையீரல் கெட்டு ஒரு வருஷமாகிறது. ஆக்சிஜன் மெஷின் ஓடினால்தான் மூச்சு. கரண்டோ நினைத்தால் வரும், நினைத்தால் போகும். மொட்டை மாடியில் சோலார் பலகை, கீழே பேட்டரி என்று முடிவு செய்து, பலகையைத் தாங்கும் இரும்புச் சட்டத்தைப் பட்டறையிலேயே வெல்டிங் வைத்தார். தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழாமலிருக்கச் சட்டம் ஆள் உயரத்தைத் தாண்டியது. தாண்டினால் நகராட்சி அனுமதி வேண்டுமாம். பக்கத்து வீட்டுக்காரர் தன் கருத்தைப் படிவத்தில் எழுதித் தர வேண்டுமாம். கேட்டதும் பட்டறைக்காரர் சிரித்தார். பக்கத்து வீடு சொந்த அண்ணன் வீடு.

"இதெல்லாம் ஒரு விஷயமாடா? குடு" என்று அண்ணன் படிவத்தை வாங்கிக்கொண்டார். மறுநாள் கவரில் போட்டு, ஓரமெல்லாம் பசை தடவி ஒட்டித் தந்தார்.

"என்னண்ணே, ராணுவ ரகசியமா?"

"ஆபீஸ் காகிதம்டா. கசங்கக் கூடாதுல்ல."

மனைவி மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டே, "ஒரு தடவ பிரிச்சுப் பாத்துடுங்களேன்" என்றாள்.

அவருக்குச் சுருக்கென்றது. "எங்கண்ணன் குடுத்ததையா? உனக்கு யார் மேலதான் நம்பிக்கை!" என்று கத்திவிட்டுப் போய், தன் கையாலேயே அதிகாரி மேஜையில் வைத்துவிட்டு வந்தார். வரும் வழியெல்லாம் அவள் மேல் எரிச்சல் வேறு.

மூன்றாம் வாரம் போனபோது குமாஸ்தா அம்மா கோப்பைத் திருப்பி அவர் பக்கம் தள்ளினாள்.

"நிராகரிச்சுட்டாங்க சார். பக்கத்து வீட்டுல ஆட்சேபணை."

"இருக்காதும்மா. வேற யாரோடதாவது மாறியிருக்கும்."

"நீங்கதானே சார் கொண்டுவந்து குடுத்தீங்க?"

அண்ணன் கையெழுத்தேதான், முத்து முத்தாக. சட்டம் பலவீனமானது, காற்றடித்தால் பிடுங்கிக்கொண்டு வந்து தன் வீட்டில் விழும், தானே நேரில் பார்த்ததாக எழுதியிருந்தார். பட்டறையில் அந்தச் சட்டத்தைப் பிடித்துத் தொங்கிப் பார்த்துவிட்டு, "யானையே ஏறினாலும் தாங்கும்டா" என்றவர் இதே அண்ணன்தான்.

நேராக அண்ணன் வீட்டுக்கே போனார். அண்ணன் ஈஸிசேரை விட்டு எழுந்திருக்கவில்லை.

"பையனுக்கு எங்க மாடியில ரூம் கட்டணும்டா. உன் பலகை முதல்ல வந்துட்டா, ரூமோட நிழல் அது மேல விழுதுன்னு நாளைக்கு நீ ஆட்சேபணை பண்ணுவே."

"நான் பண்ணுவேனாண்ணே?"

அண்ணன் மடியிலிருந்த துண்டை மடிக்க ஆரம்பித்தார்.

"வேணாம்னு வாய்விட்டுச் சொல்லியிருக்கலாமே. ஒரு அடி நகத்தி வெச்சிருப்பேன்."

"மூஞ்சிக்கு நேரா எப்படிடா சொல்றது? நீ வருத்தப்படுவியேன்னுதான்..."

மின்விசிறி மெல்லச் சுற்றி நின்றது. அண்ணன் அண்ணாந்து பார்த்தார். அடுத்த நொடி ஈஸிசேரிலிருந்து துள்ளி எழுந்தார்.

"டேய், கரண்டு போச்சு! அவளுக்கு மெஷின் நின்னிருக்கும். ஓடுடா, ஓடு!"

அந்தப் பதற்றத்தில் நடிப்பு இல்லை. அதைத்தான் பட்டறைக்காரரால் தாங்க முடியவில்லை. ஒரு வார்த்தை திட்டக்கூட நேரமில்லாமல், அண்ணன் சொன்னபடியே ஓடினார்.