அக்காவின் கட்டை விரல்

இவன் விசைப்பலகையைத் தட்டிய வேகத்தில் மேசையிலிருந்த டீ தளும்பியது. அணை திறந்தாகிவிட்டது. ஆற்றோரத்துக் கீழ்த்தெரு உடனே காலியாக வேண்டும்.

எச்சரிக்கை இரண்டு விதமாகப் போனது. அரசாங்க மொழியில் ஒன்று, கீழ்த்தெருக்காரர்களின் சொந்த எழுத்தில் ஒன்று. இரண்டாவதை எழுதியவன் இவன். அந்தத் தெருவில் பிறந்து வெள்ளக் கட்டுப்பாட்டு அறைக்கு வேலைக்கு வந்தவன் இவன் ஒருவன்தான்.

அந்த எழுத்துகள் கணினிக்குள் நுழைந்ததே போன வருஷம். ஒவ்வொரு எழுத்துக்கும் உலகம் ஒத்துக்கொண்ட ஓர் எண் வேண்டும். அதற்காக மனுப்போட்டு மனுப்போட்டு இவனுக்குச் செருப்புத் தேய்ந்தது. எண் கிடைத்தது. ஆனால் அந்த எண்ணை உருவமாக வரைந்துகாட்டும் எழுத்துரு கைபேசியிலும் இருக்க வேண்டுமே. இல்லாவிட்டால் எழுத்துக்குப் பதில் வெறும் கட்டம்.

சோதனைக்காக வைத்திருந்த பழைய கைபேசியைப் பக்கத்து நாற்காலிக்காரர் தூக்கிக் காட்டினார். திரை முழுக்கக் கட்டங்கள்.

"என்னப்பா இது, ஊருக்கே ஜன்னல் அனுப்பியிருக்க?"

"அங்க பாதிப் பேர்கிட்ட இந்த மாதிரி போன்தான் சார். அரசாங்க மொழியும் படிக்க வராது."

"கூப்பிட்டுச் சொல்லேன்."

"டவர் சாகக் கிடக்கு. குரல் போகல, எழுத்து மட்டும்தான் போகுது."

மேற்பார்வையாளர் அம்மாள் திரும்பினார். "கரண்ட் இல்லாம அந்தத் தெரு அபாயச் சங்கும் ஊதாது. ஜீப் சுத்துப்பாதையில போகுது. தண்ணி முந்திக்கும். வேற வழி இருக்கா தம்பி?"

இருந்தது. முதல் சம்பளத்தில் அக்காவுக்கு வாங்கிக் கொடுத்த கைபேசி. எழுத்துருவை அதில் இவனே ஏற்றிக் கொடுத்திருந்தான். அக்கா வீடு தெருவின் நட்டநடுவில். அவள் குரலெடுத்தால் மைக்செட்டுக்காரன் கடையை மூட வேண்டியதுதான்.

'தண்ணி வருது. தெருவையே கூட்டிக்கிட்டுப் பாலம் தாண்டி மேட்டுக்கு ஓடு.'

செய்தி சேர்ந்தது. மூச்சுவிடுவதற்குள் பதிலும் வந்தது. தூக்கிய கட்டை விரல். அக்கா எப்போதும் அப்படித்தான். பேச்சில் தாராளம், எழுத்தில் கருமி.

"பாத்துட்டா சார்."

"பொழைச்சோம். உன் கட்டம் நல்லாத்தான் இருக்கு."

பேட்டரியில் ஓடும் பாலத்துக் கேமராவின் திரையில் எல்லாக் கண்களும் நின்றன. ஒரு நாய் கடந்தது. தெருமுனைக் கொடியில் துணி காய்ந்தது. மனிதர்கள் வரவில்லை.

மறுபடி அனுப்பினான். 'அக்கா, கிளம்பிட்டியா?'

கட்டை விரல்.

'எங்க இருக்க?'

அதற்கும் கட்டை விரல்.

கேமராவில் ஆறு நிறம் மாறிக்கொண்டிருந்தது. அப்போது கைபேசி அதிர்ந்தது. லாரி ஓட்டும் மாமா, அக்காவின் கணவர், வேறு ஊரில் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தார்.

"மாப்ளே, வீட்டுக்கு லைனே போகல. அணையைத் திறந்துட்டாங்களாமே?"

"அக்காவுக்கு மெசேஜ் போட்டுட்டேன் மாமா. பாத்துட்டு விரலும் காட்டிட்டா. ஆனா யாரும் வெளிய வரல."





"நம்ம எழுத்துலயா போட்ட?"

"ஆமா. அவ போன்ல நல்லாவே தெரியும்."

"தெரியும்டா. அழகா தெரியுதுன்னு தடவித் தடவிப் பாப்பா. உன் படம் வந்தா உடனே விரலைத் தட்டிருவா, நீ காத்துக்கிட்டு இருப்பியாம். சாயங்காலமா பொண்ணு வந்து என்ன எழுதியிருக்குன்னு சொல்லுவா."

"இப்ப பொண்ணைப் படிக்கச் சொல்லுங்க மாமா."

"அவ இங்க என்கூட லாரியில இருக்கா. அக்கா உன்கிட்ட மட்டும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தா. தம்பி அந்த எழுத்துக்காக இவ்வளவு அலைஞ்சானே, மனசு விட்டுருவான்னு. உங்கக்காவுக்குப் படிக்கத் தெரியாது மாப்ளே."