கற்றுக்கொள்ள வந்தவர்

என் வீட்டுக்காரருக்கு இதுவரை யாரும் எதையும் சொல்லிக்கொடுத்ததில்லை. பிறக்கும்போதே எல்லாம் தெரிந்து பிறந்தவர். சோபா, கட்டில் விற்கும் கடையில் மேனேஜர். காரில் கடைக்குப் போவார், வருவார். வழியில் எவனாவது முந்திவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது.

என் தம்பிக்கு ரேஸ் டிராக்கில் வேலை. ரேஸ் ஓட்டுகிறவன் இல்லை. சொந்தக் காரைக் கொண்டுவந்து ஒருநாள் ஆசை தீர ஓட்டிவிட்டுப் போகிற சாதாரண ஆட்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பான். பிரேக்கை எங்கே மிதிப்பது, வளைவில் எங்கே பார்ப்பது என்று கையை நீட்டி நீட்டிக் காட்டுவான். வேலைக்குப் போனால்தான் கூலி.

வீட்டுக் காருக்கு நாம் எடுக்கிற இன்சூரன்ஸ் டிராக் வாசலோடு நின்றுவிடும். உள்ளே நடப்பதற்கு டிராக்காரர்கள் அன்றைக்கு மட்டும் தனியாக ஒன்று எடுக்கிறார்கள். காருக்கும் சேர்த்து, உள்ளே உட்கார்ந்திருப்பவர்களுக்கும் சேர்த்து. நிபந்தனை ஒன்றுதான்: அது பயிற்சியாக இருக்க வேண்டும். போட்டி போடக் கூடாது, நேரம் பார்த்து ஓட்டக் கூடாது. அதனால் அங்கே ஒரு வழக்கம். காலையில் எல்லோரையும் வரிசையில் நிறுத்தி, "நான் போட்டிக்கு வரலை, கத்துக்க வந்திருக்கேன்" என்று வாய்விட்டுச் சொல்ல வைப்பார்கள். முன்னால் நின்று சொல்லித்தருவது என் தம்பி.

அன்று நானும் போயிருந்தேன். வக்கீல், பல் டாக்டர், பெரிய பெரிய ஆட்கள் எல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி கோரஸாகச் சொன்னார்கள். என் வீட்டுக்காரர் உதட்டை மட்டும் அசைத்தார்.

"இவன்கிட்ட நான் கத்துக்கணுமா? இவனுக்கு சைக்கிள் பிடிச்சுவிட்டதே நான்தான்" என்று என் காதில் முணுமுணுத்தார்.

சைக்கிள் பிடித்துவிட்டது நான். அதைச் சொல்கிற இடமா அது?

இவர் ஓட்ட, பக்கத்தில் தம்பி உட்கார்ந்திருந்தான். ஒரு சிவப்புக் கார் இவர்களை முந்திக்கொண்டு போனது. அடுத்த வளைவில் தம்பி, "மாமா, பிரேக்... மாமா, இங்க பிரேக்" என்று கையை நீட்டிக் காட்டியிருக்கிறான். மாமாவின் கண் சிவப்புக் காரின் மேல் இருந்தது. கார் வழுக்கிக்கொண்டு போய்ச் சுவரில் மோதியது. அவருக்குக் காலில் எலும்பு விட்டுவிட்டது. தம்பி நீட்டிய வலது கை டேஷ்போர்டுக்குள் மாட்டி நசுங்கிப் போனது.

"நரம்பு அறுந்திருக்கு" என்றார் டாக்டர். "சீக்கிரம் ஆபரேஷன் பண்ணினா விரல் பழையபடி மடங்கும். தள்ளிப்போட்டா ஒண்ணும் சொல்றதுக்கில்லை."

அந்த ஆபரேஷனுக்கு எங்கள் இரண்டு குடும்பத்தையும் விற்றாலும் பத்தாது. இன்சூரன்ஸ் தந்தால்தான் உண்டு. டிராக்காரர்கள் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஓட்டியவர் வாக்குமூலம் ஒன்றுதான் பாக்கி.

இன்சூரன்ஸ் அதிகாரி வீட்டுக்கே வந்தார். சாந்தமான மனிதர். கட்டுப் போட்ட காலைக் கடை ஸ்டூலின் மேல் நீட்டிக்கொண்டு என் வீட்டுக்காரர் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார். நான் டீ கொண்டுவந்து வைத்தேன்.

"பக்கத்துல இருந்தவர் சொல்லிக்கொடுத்துட்டு இருந்தாரு, நீங்க கத்துக்கிட்டு இருந்தீங்க. அப்படித்தானே சார்?" என்றார் அதிகாரி.

பதிலையும் சேர்த்தே கையில் கொடுத்துவிட்டார். தலையை ஆட்டினால் போதும்.

"எனக்கா?" என்றார் இவர். "அவன் எனக்குச் சொல்லிக்கொடுக்கிறதா? அவன் சும்மா பக்கத்துல உக்காந்திருந்தான். நான் அந்தச் சிவப்புக் காரோட போட்டி போட்டுட்டு இருந்தேன்."

அதிகாரி எழுதுவதை நிறுத்தினார்.

"போட்டின்னா... விளையாட்டுக்குச் சொல்றீங்களா சார்?"

"விளையாட்டா? ஒவ்வொரு ரவுண்டும் டைம் பாத்துல்ல ஓட்டினேன். அன்னிக்கு வந்தவங்கள்ல நான்தான் முதல்."

"சார், அவர் பெருமைக்குச் சொல்றாரு" என்றேன் நான். "டைமும் பாக்கலை, ஒண்ணும் பாக்கலை."

"நீ சும்மா இரு. உனக்கு என்ன தெரியும் இதெல்லாம்?"

அதிகாரி என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க சார், இப்படியே எழுதட்டுமா?" என்று மறுபடியும் கேட்டார். எந்தப் புண்ணியவான் அப்படிக் கேட்பான்? இவர் பேனாவை வாங்கி, கடைசி எழுத்தை வாலாக இழுத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அதிகாரி போனதும் நான் கத்தித் தீர்த்தேன். ஒரு போன் பண்ணி, தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று சொல்லுங்கள் என்று கெஞ்சினேன்.

"நான் பொய் சொன்னேன்னு போய் நிக்கச் சொல்றியா? என் மானம் என்னாகிறது?"

"அவன் கை என்னாகிறது?"

"அதெல்லாம் சரியாயிடும்."

தம்பியிடம் சொன்னபோது அவனுக்குச் சிரிப்புத்தான் வந்தது. "டைம் பாத்தாராமா? அக்கா, வர்ற கார் போற கார் எல்லாத்துக்கும் ஓரமா ஒதுங்கி வழி விட்டுட்டு இருந்தோம்." அப்புறம் கட்டுப் போட்ட கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டான். அவனும் இன்சூரன்ஸ் ஆபீஸுக்குப் போய் நடந்ததைச் சொன்னான். பணம் வாங்கப்போகிறவனே சொன்னால் எடுபடாது என்று விட்டார்கள். இன்சூரன்ஸ் கையை விரித்துவிட்டது, இவர் காருக்கும் சேர்த்து.

ஆபரேஷன் தள்ளித் தள்ளிப் போய், கடைசியில் முடிந்த இடத்தில் முடிந்த மாதிரி நடந்தது. விரல்கள் மடங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடிக்க முடியாதவனைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கற்றுக்கொள்ள யார் வருவார்கள்? பாவம் பார்த்து, காலையில் மைக் பிடிக்கிற வேலையை மட்டும் டிராக்காரர்கள் விட்டுவைத்தார்கள். பாதிக் கூலி.

இவருக்குக் கால் சரியானது. கை ஆபரேஷனுக்குக் கடன் தராத அதே பேங்க், காருக்கு என்றதும் சிரித்துக்கொண்டே தந்தது. வேறு கார் வந்தது. வந்த கையோடு டிராக்குக்குப் பேர் கொடுத்தார். தம்பிக்குச் சாப்பாடு கொண்டுபோகிற சாக்கில் நானும் போனேன்.

வரிசையில் எல்லோரும் நின்றார்கள். தம்பி மைக்கை இடது கையில் பிடித்துக்கொண்டு சொல்லித்தந்தான். எல்லோரும் சொல்லி முடித்தார்கள். அவன் வரிசையைப் பார்த்துக்கொண்டே வந்து இவர் முன்னால் நின்றான்.

"சார், உங்க குரல் கேக்கலை" என்றான்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து 'மாமா' என்று கூப்பிட்டவன். இவர் காதில் அந்த 'சார்' விழுந்ததா என்றுகூடத் தெரியவில்லை. ஒரு தடவை திரும்பித் தன் புதுக் காரைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து நின்று, டிராக் முழுக்கக் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னார்:

"நான் போட்டிக்கு வரலை. கத்துக்க வந்திருக்கேன்."