நானூற்று முப்பத்தேழாம் குப்பி

"படகு கிளம்ப அரைமணிதான் இருக்கு. பதிவேட்டுல இருக்கிற மூவாயிரம் பேரையும் ஒவ்வொண்ணா பார்க்கப் போறியாடி?" நர்ஸ் டோர்காஸ் கத்தியபோது லெய்சாலே மடிக்கணினியைத் திறந்துவிட்டிருந்தாள்.

சற்றுமுன்தான் வானொலியில் சேதி வந்தது. எப்பி தீவு மருந்தகத்துக்கு வந்த தட்டம்மைத் தடுப்பூசியில் 431 முதல் 437 வரையிலான குப்பிகள் வழியிலேயே சூடேறி வீணாகிவிட்டன. பக்கத்துப் பாமா தீவில் தட்டம்மை பரவிக்கொண்டிருந்தது. அங்கிருந்து வந்து காலையில் ஊசி போட்டுக்கொண்ட பிள்ளைகள் இப்போது துறையில் படகேறிக்கொண்டிருந்தார்கள்.

ஊசி போட்டவர்களைக் கணினியில் பதியும் பக்கத்துக்கு நிரல் எழுதியவள் லெய்சாலேதான். இங்கே இணையம் எட்டாது என்பதால் பெயர்கள் அத்தனையும் பிரவுசருக்குள்ளேயே ஒரு தரவுத்தளத்தில் இருந்தன. எதற்கும் இருக்கட்டும் என்று குப்பி எண்ணை வைத்தும் தேட வழிசெய்திருந்தாள். இதுவரை தேவைப்பட்டதில்லை. மாதக் கணக்கெடுக்கும் நிரல் வரியை நகலெடுத்து, தேதிகள் இருந்த இடத்தில் குப்பி எண்ணின் கீழெல்லை 431, மேலெல்லை 437 என்று மாற்றித் தட்டினாள். கண்ணிமைப்பதற்குள் இருபத்தெட்டுப் பெயர்கள், எண் வரிசையில்.

"ஆத்தாடி!" டோர்காஸ் பெயர்களைத் தாளில் கிறுக்கிக்கொண்டு துறைக்கு ஓடினாள். பிள்ளைகள் சிணுங்கிக்கொண்டே இறங்கி வந்தார்கள். எல்லோருக்கும் புதுக் குப்பியிலிருந்து ஊசி.

லெய்சாலேவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. மூவாயிரத்தில் இருபத்தெட்டு, ஒரே வரியில்! பெருமையோடு பட்டியலை இன்னொருமுறை பார்த்தாள். கடைசி எண் 436.

நிரல் வரியைத் திரும்பப் படித்தாள். மாதக் கணக்கில் 'அடுத்த மாதம் முதல் தேதி வரை, அந்தத் தேதி வேண்டாம்' என்று மேலெல்லையை விலக்கி எழுதியிருந்தாள். அந்த ஒற்றைச் சொல் இங்கும் ஒட்டிக்கொண்டு வந்து 437ஐ வெளியே நிறுத்திவிட்டது. அதை மாற்றினாள். மேலும் நான்கு பெயர்கள்.

"சிஸ்டர்! இன்னும் நாலு பேரு! மிரியாமோட புள்ளைங்க!"

"மிரியாமா? அவ ஜோயல் படகுல அப்பவே போயிட்டாளே!"

பவளத்திட்டுக்கு அப்பால் ஒரு படகு சிறுத்துக்கொண்டே போனது.

"ஏபெல் அண்ணே, எஞ்சினைப் போடுங்க!" துறைக்கு ஓடிய லெய்சாலே முழங்கால் தண்ணீரில் பாய்ந்து அந்தப் படகோட்டியின் படகில் தொற்றி ஏறினாள். குளிர்ப்பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி பின்னாலேயே டோர்காஸ். "விழுந்தா பெட்டியை முதல்ல பிடி, அப்புறமா என்னைப் பிடி!"

அலை ஏறி இறங்கியது. லெய்சாலே எழுந்து நின்று, தலைத்துணியை அவிழ்த்து இரு கையாலும் வீசினாள். தூரத்தில், ஜோயல் படகின் பின்னால் நீலத்தின் மேல் நேராக நீண்டுகொண்டிருந்த வெள்ளை நுரைக்கோடு மெல்ல இவர்கள் பக்கம் வளையத் தொடங்கியது.