இடது முன்சக்கரம்

துளசிங்கத்துக்குச் சந்தேகம் என்பது வெற்றிலை பாக்கு மாதிரி. வாயில் ஏதாவது இல்லாவிட்டால் பொழுது போகாது. ஐஸ்காரன் ஐஸில் தண்ணீர் கலக்கிறான் என்று குப்பத்தில் புகார் சொன்ன ஒரே ஆள் அவன்தான். போகட்டும், சிரித்துவிட்டு விடலாம். இந்த முறை அவன் சந்தேகப்பட்டதோ தங்கை மாலாவின் புருஷன் முத்துராஜை. அதையும் மனசோடு வைத்துக்கொள்ளாமல் ஊர்ப் பெரியவர் வேதாசலத்திடம் போய் உளறிவிட்டு வந்திருந்தான்.

அவனுடைய குட்டியானைச் சரக்கு வண்டி பத்து நாளாகவே இடது பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. டீசலையும் கன்னாபின்னாவென்று குடித்தது. நேற்றுக் காலை இறால் பெட்டிகளோடு பழவேற்காட்டுப் பாலத்தில் போகும்போது பிரேக்கில் கால் வைத்தான். வெடுக்கென்று இடது பக்கம் திரும்பிய வண்டி, கைப்பிடிச் சுவரை உரசிக்கொண்டு நின்றது. சுவர் மட்டும் இல்லையென்றால் நேராக ஏரிதான். இறங்கிப் பார்த்தால் இடது முன்சக்கரத்திலிருந்து புகை வந்தது. தொட்ட விரல் கொப்பளித்துவிட்டது.

இது யார் வேலை? அவனுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. வண்டி இழுக்க ஆரம்பிப்பதற்குக் கொஞ்ச நாள் முன்னால், ஏரியில் யார் எந்த நாள் எந்த இடத்தில் வலை போடுவது என்று சீட்டுக் குலுக்கிய அன்றைக்கு அவனுக்கும் முத்துராஜுக்கும் பெரிய வாய்ச்சண்டை. மறுநாள் விடிந்ததும் வெளியே வந்தால், முத்துராஜ் அதே இடது முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டிருந்தான்.

"இன்னா மாப்ளே, இங்க இன்னா வேல?"

"ஒண்ணுமில்ல மச்சான். சும்மா பாத்தேன்."

சும்மா பார்த்தானாம்! சக்கரம் என்ன சாமி தேரா, விடியற்காலையில் எழுந்து வந்து பார்க்க?

வேதாசலம் கூப்பிட்டு விசாரித்தபோதும் முத்துராஜ் தலையைக் குனிந்துகொண்டு அதே பதிலைத்தான் சொன்னான். சரி, இன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு அம்மன் கோயில் வாசலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் பண்ணட்டும் என்று பேச்சு முடிந்தது. சத்தியம் பண்ணியவனும் பண்ண வைத்தவனும் அப்புறம் ஜென்மத்துக்கும் ஒருத்தர் வீட்டில் ஒருத்தர் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. அது அந்தக் குப்பத்துக் கட்டுப்பாடு. மாலா அங்கேயே எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள்: "அவரு கற்பூரத்துல கை வெச்ச மறு நிமிசம் எனக்கு அண்ணன்னு எவனும் கெடையாது. நல்லா யோசிச்சிக்கோ."

அம்மா போன பிறகு துளசிங்கம் தூக்கி வளர்த்த தங்கை அவள். ஆனாலும் வீம்பு விடவில்லை. இன்று மதியம் வண்டியை மெல்ல உருட்டிக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பிரபாகரனின் மெக்கானிக் ஷெட்டுக்கு வந்தான். அங்கேயும் ஒரு பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, பிரபாகரன் எடுக்கும் ஒவ்வொரு ஸ்பேனரையும் முறைத்துக்கொண்டிருந்தான். இவனும் நல்ல பொருளைக் கழற்றி விற்றுவிட்டால்?

பிரபாகரன் ஜாக்கி வைத்துத் தூக்கிச் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தான். அசையவில்லை. பிரேக் ஆயில் வெளியேறும் திருகைக் கொஞ்சம் தளர்த்தினான். ஆயில் கசிந்ததே தவிர சக்கரம் அப்படியேதான் நின்றது.

"ஆயில் அழுத்தத்தால இல்லண்ணா. கேலிப்பர்தான் புடிச்சிக்கிது."

சக்கரத்தைக் கழற்றி, டிஸ்க்கைக் கவ்விக்கொண்டிருந்த கேலிப்பரை நெம்பி எடுத்தான். இரண்டு பிரேக் பேடில் ஒன்று புதுசு மாதிரி இருந்தது. இன்னொன்று இரும்பு தெரியத் தேய்ந்துபோயிருந்தது. பேடைத் தள்ளும் பிஸ்டனை அழுத்தினான், ஒழுங்காக உள்ளே போயிற்று.

"பிஸ்டன் நல்லாருக்கு. இந்தக் கேலிப்பர் ரெண்டு இரும்புப் பின் மேல முன்ன பின்ன ஓடணும். ஒண்ணு ஓடுது. இது பார், செத்துக் கெடக்குது."

தட்டி, திருகி, முக்கி முனகி அந்தப் பின்னை வெளியே இழுத்தான். மேலிருந்த ரப்பர் உப்பிப்போயிருந்தது. பின்னைச் சுற்றிப் பழுப்பாக, வெல்லப்பாகு காய்ந்த மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. பிரபாகரன் முகர்ந்து பார்த்து மூக்கைச் சுளித்தான்.

"ஐயய்யே! மீன் எண்ணெண்ணா இது. படகுக்குப் பூசுவீங்களே, அது. இதுக்குன்னு தனி கிரீஸ் இருக்கு. இதப் போட்டா ரப்பர் உப்பிடும், சூட்டுல எண்ண காஞ்சி கோந்தாய்டும். எந்தப் புண்ணியவான் ஊத்துனான்?"

துளசிங்கம் பக்கெட்டிலிருந்து துள்ளி எழுந்தான். "பாத்தியா! நான் சொல்லல? குப்பத்துல மரப்படகு வெச்சிகினு எண்ண பூசறவன் அவன் ஒருத்தன்தான். மாட்னான்டா மவனே! தம்பி, அந்தப் பின்னக் குடு. கோயில்ல காட்டணும்."

பின்னைச் சுற்றிக்கொள்ளத் துணி தேடி, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் கையை விட்டு இழுத்தான். துணியோடு சேர்ந்து ஒரு தகர டப்பா உருண்டு வந்து காலடியில் விழுந்தது. மேலே நீலப் பெயிண்டில் 'மு' என்று எழுதியிருந்தது. உள்ளே அடியில் கொஞ்சம் மீன் எண்ணெய்.

அதைப் பார்த்ததும் அவனுக்கு எல்லாம் நினைவுக்கு வந்தது. சீட்டுக் குலுக்கிய அன்று பிரேக் கிறீச் கிறீச்சென்று கத்தியது. குப்பத்தில் எது கத்தினாலும் மீன் எண்ணெய்தான் மருந்து, கதவுக் கீலானாலும் சரி, கப்பியானாலும் சரி. சண்டை போட்ட வாயால் கேட்க முடியாமல், முத்துராஜின் படகிலிருந்து டப்பாவைத் துளசிங்கமே எடுத்து வந்தான். அவனே ரப்பரை விலக்கி ஊற்றினான். சத்தம் நின்றதும் டப்பாவைச் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே போட்டுவிட்டான். மறுநாள் துணியோடு சேர்த்து அள்ளிச் சீட்டுக்குப் பின்னால் எறிந்ததோடு மறந்தும் போனான்.

பிரபாகரன் முதுகைக் காட்டிக்கொண்டு புதுப் பேடு மாட்டிக்கொண்டிருந்தான். யாரும் பார்க்கவில்லை. சாலைக்கு அந்தப் பக்கம் ஏரி, ஒரு வீச்சு வீசினால் டப்பா போயே போய்விடும். கையை ஓங்கவும் ஓங்கிவிட்டான். மாலாவின் முகம் வந்து நின்றது. ஓங்கிய கை தானாக இறங்கியது.

"அண்ணா, அந்தப் பின்னத் தேச்சி, புது ரப்பர் போட்டு மாட்டிடறேன். பின் வேணும்னு கேட்டியே?"

"வேணாம். சீக்கிரம் மாட்டு."

நாலே முக்காலுக்குச் சக்கரம் விரல் பட்டாலே சுற்றியது. கோயிலுக்கு அவன் வந்து சேர்ந்தபோது, முத்துராஜ் ஏரியில் முழுகிய ஈரத்தோடு நின்றிருந்தான். தட்டில் கற்பூரம் எரிந்தது. மாலா அண்ணனைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

துளசிங்கம் டப்பாவும் கையுமாகக் கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடி, முத்துராஜின் கையை விலக்கித் தன் உள்ளங்கையால் கற்பூரத்தை அணைத்தான்.

"எண்ண ஊத்துனது நான்தான். டப்பாவ திருடனதும் நான்தான். அவன் மேல ஒரு தப்பும் இல்ல!"

முத்துராஜ் அவன் கையிலிருந்த டப்பாவைப் பார்த்தான்.

"அன்னிக்குச் சக்கரத்தாண்ட நான் பாத்தது இதத்தான். என் டப்பான்னு தெரிஞ்சிது. எடுத்தது நீன்னும் தெரிஞ்சிது. எதுக்கு எடுத்தியோ, எனக்கென்னா தெரியும்? சொன்னா மச்சான் திருடன்னு ஊரு பேசும். நான் யாராண்டயாவது வாயத் தொறந்தேனா?"

துளசிங்கத்துக்குக் கை எரிந்தது. அதைவிட மானம் எரிந்தது. டப்பாவை நீட்டினான்.

முத்துராஜ் வாங்கவில்லை. மாலாதான் வந்தாள். வெந்துபோன அண்ணன் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "இங்க இன்னாத்துக்கு குடுக்கற? வீட்டுக்கு வந்து குடு. வந்து ஒரு சொம்பு தண்ணி குடிச்சிட்டுப் போ."