யார் பக்கம் அந்தப் புரதம்?

அக்காவுக்கும் தங்கைக்கும் குணத்தில் ஏணி வைத்தாலும் எட்டாது. அக்கா மூலக்கூறு உயிரியல் ஆராய்ச்சியாளர். ஒரு வார்த்தை சொல்வதற்குள் ஒன்பது தடவை யோசிப்பவள். தங்கை கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள், "பிரேக்கு! பிரேக்கு!" என்று கத்திக் கத்தியே தொண்டை கரகரத்துப் போனவள்.

அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இருபது வருடமாக ஒரே ஒரு புரதத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறாள் என்று வீட்டில் பேச்சு. அது என்னதான் என்று தங்கை ஒருநாள் விடாப்பிடியாகக் கேட்டாள்.

"முட்டையை வேக வெச்சா வெள்ளைக்கரு இறுகிப் போகுதில்ல? சூடு ஏறினா நம்ம செல்லுக்குள்ள இருக்கிற புரோட்டீனுக்கும் அதே கதிதான். மடிப்பு கலைஞ்சு, ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். அப்போ ஒரு ஜீன் முழிச்சுக்கும். அது உண்டாக்குற புரோட்டீன் ஓடி வந்து, கலைஞ்சதைத் தாங்கிப் பிடிச்சு, பழையபடி மடிச்சு வைக்கும். செல்லு பொழைச்சுக்கும்."

"துணி மடிக்கிற ஆளுன்னு சொல்லேன். எங்க வீட்டுக்கு ஒண்ணு அனுப்பிவை, மூட்டை மூட்டையா கெடக்கு."

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்தவளுக்குத்தான் வயிறு உப்ப ஆரம்பித்தது. ஊளைச்சதை என்று தானே கேலி செய்துகொண்டாள். காரில் சீட் பெல்ட் எட்டாமல் போன பிறகுதான் டாக்டரிடம் போனாள். சினைப்பையில் புற்று, வயிறு முழுக்கப் பரவியிருந்தது.

முதலில் மருந்து நன்றாகவே கேட்டது. வீடு மூச்சு விட்டது. பிறகு அதே மருந்து கல்லில் ஊற்றிய தண்ணீரானது. வயிற்றில் மறுபடி நீர் கோத்தது. ஊசி போட்டு இறக்கினார்கள். நோயாளி சம்மதித்தால் அந்த நீரை ஆராய்ச்சிக்கு அனுப்பும் வழக்கம் அந்த ஆஸ்பத்திரியில் இருந்தது. "கொட்டத்தானே போறீங்க, எங்க அக்காகிட்டயே குடுங்க" என்று சொல்லிவிட்டாள் தங்கை.

பரிசோதனைக் கூடத்துக்கு அது வெறும் எண்ணாக வந்தது. அது யாருடையது என்று உதவியாளர் பெண்ணுக்குத் தெரியாது, அக்காவுக்குத் தெரியும். நீரிலிருந்த புற்றுச் செல்களை வளர்த்து, சாயமேற்றி, திரையில் காட்டினாள். "மேடம், இவ்வளவு நான் பார்த்ததே இல்ல!"

செல்லுக்குச் செல் அந்தப் புரதம் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. ஆராய்ச்சியாளருக்கு உடனே புரிந்துவிட்டது. மருந்து செல்லை அடிக்கிறது. அவளுடைய புரதம் அடிபட்டதையெல்லாம் செப்பனிட்டுக் கொடுக்கிறது. புற்றில் இப்படி நடக்கும் என்று அவளே கட்டுரைகளில் எழுதியிருக்கிறாள். எழுதும்போது அது வெறும் ஒரு வரி.

அன்று மாலை ஆஸ்பத்திரியில் தங்கை கேட்டாள்: "ஏன்க்கா மூஞ்சியை உர்ருன்னு வெச்சிருக்கே?"

பொய் சொல்லத் தெரியாதவள் உள்ளதைச் சொன்னாள். தங்கை கூரையைப் பார்த்தபடி கேட்டாள்:

"அது யார் பக்கம்க்கா?"

"அதுக்குப் பக்கமெல்லாம் கிடையாது. எந்தச் செல்லு தவிச்சாலும் காப்பாத்தும். நல்லது கெட்டது தெரியாது."

"உன்னை மாதிரியேதான். நான் ஸ்கூலுக்கு மட்டம் போட்டப்பல்லாம் அம்மாகிட்ட என்னைக் காட்டிக் குடுக்காம முழிச்சுக்கிட்டு நின்னு, நீதானே அடி வாங்கினே." சிரிக்கப் போனவள் பாதியில் நிறுத்தினாள். "அதை நிறுத்த முடியாதா?"

"முயற்சி பண்றோம். மருந்தா வர்றதுக்கு வருஷக்கணக்காகும்."

"நான் இருக்க மாட்டேன்." முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அக்கா முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். கொஞ்சம் அடங்கிய பிறகு குரல் மட்டும் வந்தது: "எனக்கு இல்லேன்னாலும் நிறுத்து."

மழைக்காலம் முடிவதற்குள் அவள் போய்விட்டாள்.

சாவு வீட்டில் தங்கையின் கணவர், லிஃப்ட் மெக்கானிக், அதிர்ந்து பேசாத மனிதர், கூட்டத்துக்கு நடுவில் வெடித்தார். "இருபது வருஷம் அதையே படிச்சீங்களே அக்கா. ஒரு உயிரைப் பிடிச்சு வைக்க முடியலையே!"

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அழுகை வரவில்லை.

சில வாரம் கழித்து அவர் பரிசோதனைக் கூடத்துக்கு வந்தார். அவளுடைய செல்கள் அங்கே வளர்கின்றன என்று ஆஸ்பத்திரியில் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"அவளைப் பாக்கணும்."

"அது அவ இல்ல தம்பி," என்று தொடங்கியவள், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே கூட்டிப்போனாள். தட்டை நுண்ணோக்கியில் வைத்தாள். அவர் குனிந்து நெடுநேரம் பார்த்தார்.

"இதுல எது அவ, எது நோய்?"

"பிரிக்க முடியாது. அவ உடம்புல பொறந்த செல்லுதான். புத்தி கெட்டுப் போச்சு, அவ்வளவுதான்."

"சாப்பிடுமா?"

"ரெண்டு நாளைக்கு ஒரு தடவை புதுச் சத்துநீர் ஊத்தணும்."

"யாரு ஊத்துறா?"

"நான்தான்."

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். சாவு வீட்டில் சொன்னது இருவர் நடுவிலும் கிடந்தது. "அன்னிக்கு வாய் தவறிட்டேன்க்கா," என்றார்.

"தவறா ஒண்ணும் சொல்லலையே."

"இதை என்ன பண்ணப் போறீங்க?"

"கொல்லணும் தம்பி. அந்த ஜீனை அடக்கிட்டு, அவளுக்குக் குடுத்த அதே மருந்தைக் குடுத்துப் பாக்கணும். அவ கேட்டது அதுதான்."

அவர் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "தனியா இருக்காதீங்க. முடிவு தெரியுற அன்னிக்குச் சொல்லுங்க. வெளிய உக்காந்திருக்கேன்."

சொன்னபடியே வந்தார். வேலைப் பையைக் காலடியில் வைத்துக்கொண்டு, நடைவழியில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். உள்ளே உதவியாளர் பெண் இரண்டு தட்டுகளை எடுத்தாள். இரண்டிலும் ஒரே மருந்து. அந்த ஜீனைச் சும்மா விட்ட தட்டில் செல்கள் கொழுகொழுவென்று ஒட்டிக்கொண்டிருந்தன. அதை அடக்கிய மற்றொன்றை நுண்ணோக்கியில் வைத்த பெண் துள்ளிக் குதித்தாள்.

"மேடம்! எல்லாம் செத்துப்போச்சு! ஒண்ணுகூட மிச்சமில்ல!"

இருபது வருட உழைப்பில் இதைவிட நல்ல செய்தி வந்ததில்லை. ஆராய்ச்சியாளர் குனிந்து பார்த்தாள். தட்டை விட்டுக் கழன்ற செல்கள், சுருங்கிய உருண்டைகளாக மிதந்தன. "நல்லா செஞ்சிருக்கேம்மா," என்றாள். கையுறையைக் கழற்றினாள். ஒரு விரல் மாட்டிக்கொண்டு வர மறுத்தது, பிய்த்து எறிந்தாள்.

வெளியே வந்தவளைப் பார்த்ததும் அவர் எழுந்துவிட்டார்.

"போயிடுச்சா?"

"போயிடுச்சு."

"வலிச்சிருக்குமா?"

செல்லுக்கு வலி தெரியாது, நரம்பு கிடையாது என்று மாணவர்களுக்கு எத்தனையோ தடவை சொன்னவள்தான். இப்போது நாற்காலியில் சரிந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு, தங்கை போன நாளிலிருந்து தேங்கியதையெல்லாம் அழுதாள். உள்ளே அந்தப் பெண் யாருக்கோ போனில் மகிழ்ச்சியாகச் சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது. அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டார்.

வெகுநேரம் கழித்து, "முடிஞ்சுதில்லக்கா?" என்று கேட்டார்.

"இல்ல தம்பி. ஒரு தடவை பலிச்சதை யாரும் நம்ப மாட்டாங்க. முதல்ல இருந்து மறுபடியும் செய்யணும். அதுக்கப்புறமும் செய்யணும். உறைய வெச்ச செல்லு உள்ள இன்னும் நிறைய இருக்கு."

அவர் கண்ணை மூடித் திறந்தார். பிறகு வேலைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அடுத்தது எந்தக் கிழமை என்று மட்டும் கேட்டார்.