வேலை செய்திருக்கக் கூடாது

1

இந்தக் கதையை ஹார்பர் லைன் ரயிலில் ஒட்டுக்கேட்டேன். வடாலாவில் ஏறிய ஒரு பெண் போனில், "அண்ணாச்சி, நான் செஞ்ச வேலை தப்பாப் போயிருக்கணும்னு வேண்டிக்கிடுங்க" என்றாள். இதைக் கேட்டுவிட்டு எப்படி இறங்கிப் போவது? சூனாபட்டியில் இறங்க வேண்டியவன், வெட்கமில்லாமல் அவள் பின்னாலேயே குர்லா வரை போனேன். பெயர்களும் அவள் மனசுக்குள் ஓடியதும் மட்டும் என் கைச்சரக்கு.

2

"நுஸ்ரத்துக்குக் கம்ப்யூட்டர் என்றால் உயிர்..." சீ, வேண்டாம்.

அந்தப் பெண், நுஸ்ரத், குர்லாவில் பழைய கம்ப்யூட்டர்களைப் புதுப்பித்து விற்கும் கணேசபாண்டியன் அண்ணாச்சி கடையில் வேலை பார்க்கிறாள். அவள் மேசையிலுள்ள மஞ்சள் வயரைச் சொருகி எஃப்-12 அமுக்கினால், மெஷின் மூலையிலுள்ள சர்வரைக் கூப்பிடும். சர்வர் பதில் தந்தால் போச்சு. ஒரு வார்த்தை கேட்காமல் டிஸ்க்கை அழித்து, ஒவ்வொரு பேக்கேஜாக இறக்கிப் புது சிஸ்டம் போட்டுவிடும். இரண்டு நாளாகச் சர்வர் பதிலே தரவில்லை. இன்று காலை அதைச் சரிசெய்ய, சர்வர் புரோகிராமில் ஒரு வரியைத் திருத்தினாள். சோதிக்குமுன் டெலிவரிக்கு வடாலா போகவேண்டியதாயிற்று.

3

ஸ்பீக்கர் போட்டிருந்த போனில் அண்ணாச்சி சொன்னது: "கோச்சுக்கிடாதம்மா. ரிப்பேர் மேசையில எடமில்லன்னு ஷமீமா டீச்சர் லேப்டாப்பை ஒன் மேசையில வச்சேன். கைப்பழக்கம், வயரைச் சொருகி எஃப்-12 அமுக்கிட்டு, ஷட்டரை இழுத்துட்டு வந்துட்டேன். மாட்டுங்காவில எறங்கும்போதுதான் பொறி தட்டிச்சு."

அந்த லேப்டாப்பில் தாராவிச் சந்து ஒன்றின் நாற்பத்துமூன்று வீட்டுக் காகிதங்கள், ஷமீமா திரட்டி ஸ்கேன் செய்தவை. அசலில் பாதி போன மழையில் ஊறிப் போயிற்று. நாளை கணக்கெடுப்பு; காகிதம் காட்டாதவர்களுக்கு மாற்று வீடு கிடையாது.

(மெயினை அணைக்கச் சொல்லலாமே என்கிறீர்கள். இன்வெர்ட்டர் உள்ளே, பூட்டு வெளியே, சாவி திரும்பி வரும் ரயிலில். நானும் யோசிக்காமலா?)

4

யா அல்லாஹ், அந்த வரி தப்பா இருக்கணும். மனசுக்குள் திரும்பத் திரும்ப வாசித்தாள். ஒவ்வொரு தடவையும் சரியாகவே இருந்தது. "நல்லாத்தான் எழுதித் தொலைச்சிருக்கேன், பாவி" என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

[ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்தாள் என்று எழுதி, அடித்துவிட்டேன். பயந்தவள் எங்கே வேடிக்கை பார்ப்பாள்?]

5

முடிவு ஒன்று: சர்வர் வழக்கம்போல் ஊமையாக...

முடிவு இரண்டு: திரையில் நூறு சதவீதம்...

நடந்ததைச் சொல்கிறேன். கடை வாசலில் ஷமீமா காத்திருந்தாள். "ரெடியாம்மா?"

பொய் சொல்லியிருக்கலாம். நுஸ்ரத் சொல்லவில்லை. "அக்கா, ஒங்க காகிதமெல்லாம் அழிஞ்சிருக்கலாம். கேக்காம அழிக்கச் சொல்லி எழுதினது நான்தான்."

ஷமீமா படியில் உட்கார்ந்துவிட்டாள். "பாதிப் பேர்கிட்ட வேற ஒண்ணுமே இல்லையேம்மா."

அண்ணாச்சி மூச்சிரைக்க ஓடி வந்தார். அவசரத்தில் சாவியைத் தலைகீழாகச் சொருகினார். ஷமீமாவே எழுந்து வாங்கித் திறந்தாள். இருவருமாக ஷட்டரைத் தூக்கினார்கள். ஷமீமா நேராகத் திரைக்கு முன்னால் போய் நின்றாள்.

நான் எதிர்ச்சாரியில் நின்றேன். ஷமீமா வாசல் பக்கம் திரும்பினாள்; அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்கு விடை தெரிந்துவிட்டது. உங்களிடம் சொல்லமாட்டேன். அந்த நாற்பத்துமூன்று வீட்டுக்கும் இன்னும் யாரும் சொல்லவில்லை. அவர்களுக்கு முன்னால் நீங்கள் தெரிந்துகொள்வது நியாயமில்லை.