மேசைக்குக் காது இல்லை

கெட்டிலிலிருந்து டம்ளரில் ஊற்றிய வெந்நீரில் மூக்குக்கண்ணாடியின் ஒரு காம்பை முக்கியெடுத்து, துண்டில் ஒற்றி, கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தான் மாப்பிள்ளை. பிளாஸ்டிக் இன்னும் இளகவில்லை. மறுபடி முக்கினான். அவன் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடையில் இதற்கென்று சூடான காற்று ஊதும் மெஷின் இருக்கிறது. மாமனார் வீட்டுச் சமையலறையில் அதற்கெல்லாம் எங்கே போவது.

"உருகிடப் போகுது," என்றாள் மாமியார். "அப்புறம் அந்த மனுஷன் என்னைத்தான் பிடிச்சுக்குவாரு."

"உருகாது அத்தே. காதுக்குப் பின்னாடி வளையற இடத்தை மட்டும்தான் சூடு பண்றேன்."

மாமனார் கொத்தனாராக இருந்து ஓய்ந்தவர். கல்யாணமான நாள்முதல் மாப்பிள்ளையின் தொழில் அவருக்கு வேடிக்கை. கண்ணாடியை வளைக்க ஒருத்தருக்குச் சம்பளமா என்று விருந்தாளிகள் முன்னாலேயே கேட்டுச் சிரிப்பார். தன் கண்ணாடியை ஒருநாளும் அவன் கையில் கொடுத்ததில்லை. வேறு கடையில் வாங்கி, நழுவும்போதெல்லாம் மூக்கைச் சுளித்தே மேலே ஏற்றிக்கொள்வார். நோய் முற்றிக் கன்னம் ஒட்டிப்போன பிறகு அந்த வித்தையும் பலிக்கவில்லை. இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். கண்ணாடி மூக்கு நுனியில் தொங்க, எதையும் சரியாகப் பார்க்காமலே கட்டிலில் சாய்ந்து கிடந்தார்.

இன்று காலை அவராகவே அதைக் கழற்றி நீட்டினார். "மாப்ளே, சும்மாதானே இருக்கீங்க. இது என்னன்னு பாருங்க."

அவன் சும்மா இல்லை. அவருடைய கால்களைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தான். இருந்தாலும் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினான்.

வலது காது இடதைவிடச் சற்று மேலே இருந்தது அவருக்கு. அதற்கு ஏற்ப வலது காம்பைக் கொஞ்சம் தூக்கி, இரண்டு முனைகளையும் காதுக்குப் பின்னால் இறங்கும்படி வளைத்து, பச்சைத் தண்ணீரில் காட்டி, துடைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தான். மாமா அதைப் போட்டுக்கொள்ளவில்லை. கட்டிலருகே மேசையில் வைத்து விரலால் தட்டினார்.

"ஆடுதே."

"மேசைக்குக் காது இல்ல மாமா."

கதவோரம் மாத்திரையோடு நின்ற அவன் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். மாமா சிரிப்பும் இருமலுமாகக் கொஞ்ச நேரம் குலுங்கினார். பிறகு முகத்தை நீட்டினார். அவன் மாட்டிவிட்டான்.

"குனிஞ்சு பாருங்க."

குனிந்தார். தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். கண்ணாடி அசையவில்லை.

"சுவருக்கு ரசமட்டம் வெச்ச மாதிரி இருக்கு," என்றார்.

பிறகு, பின்னாலேயே வந்து நின்ற தன் மனைவியைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். "முடியை எப்ப வெட்டினே?"

"அது ஆச்சு ரொம்ப நாள். பாத்துட்டுத்தான் பேசாம இருக்கீங்கன்னு நெனச்சேன்."

"நல்லாத்தான் இருக்கு."

அத்தை பிடரியைத் தடவியபடி சமையலறைக்குப் போனாள். எதற்கு வந்தோம் என்று தெரியாமல் அங்கிருந்து திரும்பி வந்தாள்.

அதன்பிறகு மாமா போட்ட சத்தத்தில் வீடு ரெண்டுபட்டது. காலண்டர் சாய்ந்திருக்கிறது. திரைச்சீலையின் உள்பக்கம் வெளியே இருக்கிறது. சுவிட்ச் பலகையில் யாரோ எண்ணெய்க் கையை வைத்திருக்கிறார்கள். மகள் ஒவ்வொன்றையும் ஓடி ஓடிச் சரிசெய்தாள். இந்த அதட்டலைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று என்று அவள் முகமே சொன்னது.

"ஃபேனைப் பாரு. ஒட்டடை தொங்குது. மாப்ளே, நீங்கதான் உயரம்."

அவன் ஈரத்துணியோடு ஸ்டூலில் ஏறினான்.

"அங்க இல்ல. ஓரத்துல."

"இங்கயா மாமா?"

"ம். அடுத்த ரெக்கை. அழுத்தித் தேயுங்க, ஒடஞ்சிடாது." சற்றுப் பொறுத்து, "இப்பத் தேவலை," என்றார்.

மூன்றாவது இறக்கையைக் கையால் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, அவன் அவருடைய குரலுக்காகக் காத்திருந்தான். குரல் வரவில்லை. கீழே பார்த்தான். மாமா தலையணையில் சாய்ந்து அவனையே பார்த்தபடி இருந்தார். கண்ணாடி நேராக இருந்தது.

"மாமா."

அவன் உடனே இறங்கவில்லை. இறங்கினால் அது நடந்துவிட்டதாகிவிடும் போலிருந்தது. பிறகு இறங்கி, இரண்டு கைகளாலும் கண்ணாடியைக் கழற்றி, இமைகளை மூடினான். பழக்க தோஷத்தில் அதைத் திரும்ப மாட்டிவிட்டு, சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று ஓரடி தள்ளி நின்று பார்த்தான்.

மனைவி அவன் தோளில் முகம் புதைத்து அழுதாள். பிறகு டாக்டருக்குப் போன் செய்ய அடுத்த அறைக்குப் போனாள். அத்தை கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அவருடைய கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"கடைசியா என்ன சொன்னாரு?"

"இப்பத் தேவலைன்னு சொன்னாரு அத்தே."

"எதை?"

"ஃபேனை."

அத்தையின் உதடு துடித்தது. அழுகையா சிரிப்பா என்று சொல்ல முடியவில்லை. "அவரு வாயில தேவலைன்னு வர்றதே பெரிய விஷயம்," என்றாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள். "ஒண்ணு மிச்சம் இருக்கே மாப்ளே. ஆளுங்க வந்துடுவாங்க."

அவன் துணியை எடுத்துக்கொண்டு மறுபடி ஏறினான். அவள் எழுந்து வந்து, இரண்டு கைகளாலும் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள்.